ஒப்பாரிக்கு நடுவே ஷட்டர் சத்தம்

2024 ஜூன் 20ஆம் தேதி கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் எடுக்கப்பட்ட தொலைக்காட்சிப் பதிவுகளைச் சமீபத்தில் மறுபடியும் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்பதே சரி. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65 பேருக்கு மேல் செத்துப்போன சம்பவம். தெருவில் உடல்கள் கிடத்தப்பட்டிருக்கின்றன. பெண்கள் மாரடித்து அழுகிறார்கள். செய்தி வாசிப்பவரின் குரலை ஒதுக்கிவிட்டு அடியில் ஓடுகிற சத்தத்தைக் கவனித்தால் ஒப்பாரிக்குள்ளே இன்னொரு தாளம் கேட்கிறது: டக், டக், டகடகடக. தறி ஓடுகிற மாதிரி. யாராவது கையை மேலே தூக்கிக் கதறினால் அந்தத் தாளம் வேகமெடுக்கிறது. கை கீழே வந்ததும் ஓய்ந்துவிடுகிறது. அமைச்சர்கள் வந்து 10 லட்ச ரூபாய்க் காசோலையை நீட்டும்போது மறுபடி உச்சத்துக்குப் போகிறது.

ஒப்பாரி என்பது கேட்பதற்கானது. கூடியிருப்பவர்கள் காது கொடுத்தாக வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. செத்தவனின் பெருமையும் சொந்தபந்தங்களின் மேலுள்ள குற்றச்சாட்டும், சில சமயம் சர்க்காரின் மேலுள்ள வசவும் அதற்குள் வரும். ஒரு பெண்ணுக்கு ஊர் நடுவில் எதையும் சொல்லக் கிடைக்கிற அபூர்வமான இடம் அது. அந்த இடத்தின் மேல்தான் 'டக் டக்' என்று ஆணி அடிக்கப்படுகிறது. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியவில்லை. சத்தமில்லாத கேமரா இல்லையா? இருக்கிறது, ரொம்ப நாளாகவே. அது யாருக்காக உண்டாக்கப்பட்டது, எந்த வாசல் வரைக்கும் வந்தது என்பதுதான் கேள்வி.

புகைப்படம் பிறந்தபோது சத்தமில்லாமல்தான் பிறந்தது. லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, எண்ணி, மறுபடி மூடுவார்கள். 1857-58இல் சென்னை மாகாணத்தின் அரசு புகைப்படக்காரராக லின்னேயஸ் ட்ரைப் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிக் கோயில்களை எடுத்ததெல்லாம் இந்த முறையில்தான். கல் ஆடாது, அசையாது. மனிதர்கள் ஆடினார்கள், படத்தில் விழாமல் போனார்கள். மனிதனை எடுக்க வேண்டுமென்றால் அவன் நெடுநேரம் விறைத்து நிற்க வேண்டும். நிற்கத் தெம்பில்லாதவர்களை எப்படி நிறுத்துவது? 1876-78 பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மக்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் படமெடுத்த டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரியை இந்த இடத்தில் மறக்க முடியாது. படத்துக்காக அவர்களை அடுக்கி உட்காரவைத்தார் என்று அந்தக் காலத்திலேயே கண்டனம் எழுந்தது.

அதே ஹூப்பர் 1886இல் மாண்டலேயில் பர்மியக் கைதிகள் சுட்டுக் கொல்லப்படுவதைப் படமெடுத்தார். தோட்டா பாய்கிற கணம் பிளேட்டில் விழ வேண்டும் என்பதற்காக, சுடச் சொல்லும் உத்தரவையே அவருடைய கேமரா தயாராகும் வரை நிறுத்திவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. விசாரணை நடந்தது, ஹூப்பர் கண்டிக்கப்பட்டார். ஷட்டரும் துப்பாக்கியும் ஒரே உத்தரவுக்குக் காத்திருந்தன. கேமராவைத் துப்பாக்கியோடு ஒப்பிடுவது பிற்காலத்து விமர்சகர்களின் உருவகம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கல்வராயன் மலைக்கு வருவோம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்களவு மண்டையளவு எடுத்து, ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அடுக்கிவைத்தார். மலையாளி என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இந்த மலை மக்களும் அதில் ஒரு தலைப்பு. அளவெடுக்கும் கருவிக்குச் சத்தம் கிடையாது. அளக்கப்படுகிறவரின் குரலும் அந்தத் தொகுதிகளில் கேட்காது. சுதந்திரம் வந்தும் மலை ஜாகிர்தார்களின் கையில்தான் இருந்தது. அரசு அதை முழுசாக எடுத்துக்கொண்டது 1976இல், அதுவும் நெருக்கடிநிலைக் காலத்தில். அதற்குப் பிறகு மலைக்குப் போன கேமராக்கள் பெரும்பாலும் சாராய ஊறலை அழிக்கும் போலீஸோடு போனவை. பானை உடைபடும் படம், பேரல் கவிழ்க்கப்படும் படம். கருணாபுரத்துக்குப் பிறகு 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கை எடுத்தபோதுதான் ரோடும் ஆஸ்பத்திரியும் செய்தியாயின. ரோடு இல்லை என்பதைப் படமெடுப்பது சுலபமில்லை. அழுகிற முகம் சுலபம்.

சத்தத்துக்கு வருகிறேன். நமக்குப் பழக்கமான அந்த 'டக்' எஸ்.எல்.ஆர். கேமராவினுடையது. லென்ஸ் வழியாக வரும் ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிட உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது. பட்டனை அமுக்கினால் அது மேலே போய் மோதுகிறது. ஷட்டர் திரைகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. கண்ணாடி மறுபடி கீழே விழுகிறது. சத்தத்தின் பெரும்பங்கு திரையுடையதல்ல, கண்ணாடியுடையது. 1925இல் சந்தைக்கு வந்த லைக்காவில் இந்தக் கண்ணாடி கிடையாது, துணித்திரை மட்டும்தான். அதனால் ஒரு சின்ன முணுமுணுப்போடு முடிந்துவிடும். ரோலிஃபிளெக்ஸ் மாதிரியான கேமராக்களில் கண்ணாடி உண்டு, ஆனால் அது அசையாது. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே பூவிதழ் மாதிரி திறந்து மூடும். அதுவும் மெல்லிய சத்தம்தான்.

மெல்லிய கேமரா எங்கே தேவைப்பட்டது? எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர் 1928இல் நீதிமன்றத்துக்குள் தொப்பியில் ஓட்டை போட்டுக் கேமராவை ஒளித்துக் கொண்டுபோனார். பிறகு சர்வதேச மாநாடுகளில் அமைச்சர்கள் தூங்கி வழிவதையெல்லாம் எடுத்தார். அதிகாரத்தின் அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தது அந்த மௌனம். (யூதரான அவர் 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.) அமெரிக்காவில் 1935இல் ஹாப்ட்மன் வழக்கு விசாரணை கேமராக்காரர்களின் திருவிழாவானதைத் தொடர்ந்து, வழக்கறிஞர் சங்கம் 1937இல் நீதிமன்றத்துக்குள் கேமராவே கூடாது என்றது. பிற்பாடு 1970களின் கடைசியில் ஃபுளோரிடா மாநிலம் கதவைத் திறந்தபோது போட்ட நிபந்தனை வேடிக்கையானது: உள்ளே வரும் ஸ்டில் கேமராவின் சத்தம் லைக்கா 'எம்' வரிசைக் கேமராவின் சத்தத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கம்பெனியின் கேமரா சட்டத்தின் அளவுகோலாகிவிட்டது. நீதிபதியின் காதுக்கு அளவுகோல் உண்டு. கோல்ஃப் ஆடுகிறவர் மட்டையை வீசி முடிக்கும்வரை ஷட்டரைத் தொடக் கூடாது என்பதும் ஒரு மரபு. எழவு வீட்டுக்கு அப்படி ஏதாவது உண்டா? துயரத்தில் இருப்பவர்களைப் படமெடுத்து அத்துமீறுவதைத் தவிர்க்க வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறை சொல்லத்தான் செய்கிறது. கூடவே விபத்து, இயற்கைச் சீற்றம் என்றால் பொதுநலன் கருதி எடுக்கலாம் என்று வாசலையும் திறந்துவைக்கிறது.

நம் நாட்டில் கேமராவுக்கு நிபந்தனை விதிக்கும் தெம்பு காந்திக்கு இருந்தது. கனு காந்தி ஆசிரமத்தில் படமெடுக்க அனுமதி கேட்டபோது மூன்று நிபந்தனைகள்: ஃப்ளாஷ் கூடாது, போஸ் கொடுக்கச் சொல்லக் கூடாது, ஆசிரமம் காசு தராது. 1946இல் மார்கரெட் பர்க்-வைட் ராட்டைப் படத்துக்காகப் போனபோது அன்று காந்தியின் மௌன நாள். பேசக் கூடாது, மூன்று ஃப்ளாஷ் பல்புதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். 1948 ஜனவரி 30 இரவில் அதே பர்க்-வைட் பிர்லா மாளிகையில் உடல் கிடந்த அறைக்குள் ஃப்ளாஷ் போட்டு எடுத்து, கூட்டத்தின் கோபத்துக்கு ஆளாகி வெளியேற்றப்பட்டார். லைக்காவோடு ஃப்ளாஷ் இல்லாமல் நடமாடிய கார்த்தியே-பிரெசோனுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. கருணாபுரத்தில் நிபந்தனை போட யார் இருந்தார்கள்?

இன்றைய நிலைமை வேறு. கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டன. அவற்றில் மின்னணு ஷட்டர் என்று ஒன்று உண்டு. எதுவும் அசைவதில்லை, சென்சாரில் விழுந்ததை வரிசை வரிசையாகப் படித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் இதில் குறை இருந்தது. மேல் வரிசையைப் படித்து முடித்துக் கீழ் வரிசைக்கு வருவதற்குள் ஓடுகிறவன் சாய்ந்துவிடுவான். எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் படம் முழுக்க வரி வரியாகப் பட்டை விழும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகத்தை 1/50, 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம், எல்லா விளக்கிலும் அல்ல. 2017இல் சோனி ஏ9 வேகமாகப் படிக்கும் சென்சாரோடு வந்தது. 2021இல் நிகான் இசட்9 இயந்திர ஷட்டரையே தூக்கி எறிந்தது. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9-3 எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறது, சாய்வும் கிடையாது. அது விற்பனைக்கு வந்தபோது இந்தியாவில் விலை 5 லட்சத்தைத் தாண்டியது. அசோசியேட்டட் பிரஸ் போன்ற நிறுவனம் 2020இல் மொத்தமாகச் சோனிக்கு மாறிக்கொள்ளும். கள்ளக்குறிச்சியில் படத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற பகுதிநேரப் போட்டோகிராபர் என்ன செய்வார்? நகரத்தில் யாரோ விற்ற பழைய டி.எஸ்.எல்.ஆரை, ஷட்டர் எத்தனை லட்சம் தடவை ஓடியிருக்கிறது என்று விசாரித்து வாங்குவார். கருணாபுரத்தில் நாம் கேட்ட சத்தத்தில் இந்தப் பொருளாதாரமும் இருக்கிறது. அவர்களைக் குருரமானவர்கள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அதை நான் செய்யப்போவதில்லை.

ஆனாலும் பழைய கேமராவிலேயே செய்யக்கூடியது உண்டு. நிகானில் 'க்யூ' என்றும் கேனனில் 'சைலன்ட்' என்றும் ஒரு அமைப்பு இருக்கிறது. கண்ணாடி மெதுவாக இறங்கும், சத்தம் பாதியாவது அடங்கும். ஃபோகஸ் ஆனதும் வரும் 'பீப்'பை நிறுத்திவிடலாம். எல்லாவற்றையும்விட, தொடர்ச்சியாகச் சுடுவதை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கலாம். பத்திரிகையில் போடப்போவது ஒரு படம்தானே?

பேட்டிகளில் இந்தச் சத்தம் வேறு வேலை செய்கிறது. கலெக்டர் ஆபீஸில் மேஜைமேல் மைக்குகளைக் குவித்துவைத்து அமைச்சரோ அதிகாரியோ பேசும்போது டி.வி.காரர்கள் போட்டோகிராபர்களைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன், பேச்சைவிட டக்டக் அதிகமாகப் பதிவாகிறது என்று. பேசுகிறவருக்கு அதனால் தொந்தரவு என்று எனக்குத் தோன்றவில்லை. விரலை நீட்டினால் சத்தம் பொழிகிறது, புள்ளிவிவரம் வாசித்தால் வற்றிவிடுகிறது. எந்தச் சைகை விலைபோகும் என்பதைக் காதாலேயே கற்றுக்கொள்கிறார்கள் நம் தலைவர்கள். அது ஒருவிதக் கைதட்டல். நிருபர் கேட்கிற சங்கடமான கேள்வி அதில் அமுங்கிப்போவது கூடுதல் வசதி.

அப்படியானால் எல்லோரும் சத்தமில்லாத கேமராவுக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் எனக்குத் தயக்கம். ரொலான் பார்த் 1980இல் வெளியான தன் கடைசிப் புத்தகத்தில், படமெடுக்கப்படும்போது தனக்குப் பிடித்த ஒரே விஷயம் கேமராவின் சத்தம்தான் என்கிறார். தச்சுவேலையோடும் கடிகாரவேலையோடும் அந்தச் சத்தத்தைச் சேர்த்துப் பார்க்கிறார். அவருடைய ரசனை இருக்கட்டும். நம் ஆட்களுக்கு அந்தச் சத்தம் ஒரு நோட்டீஸ்: உன்னை எடுக்கிறார்கள் என்ற தகவல். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முந்தானையை இழுத்துவிடவும் 'ஏன்டா எடுக்கிற' என்று கேட்கவும் அதுதான் ஆதாரம். பெண்களைத் தெரியாமல் படமெடுக்கிறார்கள் என்பதால் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் செல்போன் கேமரா சத்தம் போட்டாக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தேவையே இல்லாத ஒரு சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக உண்டாக்குகிறார்கள். நிகான் இசட்9இலும் வேண்டுமானால் அப்படிச் சத்தத்தைப் போட்டுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அணைக்கலாம். முடிவு கேமரா வைத்திருப்பவரின் கையில்.

கல்வராயனுக்குப் பக்கத்துச் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியை நினைத்துக்கொள்கிறேன். 1992 ஜூன் 20. அதுவும் ஒரு ஜூன் 20. வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் அந்தக் கிராமத்தில் செய்ததற்குப் படம் என்று எதுவும் நம் நினைவில் இல்லை. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றம் 269 பேர்மீதும் குற்றம் உறுதி என்றபோது, அவர்களில் 54 பேர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள், மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த வழக்கைச் சுமந்தது பெண்களின் பேச்சு. கேட்கப்பட்ட பேச்சு. அழுகையைப் படமெடுப்பதில் நாம் காட்டுகிற அவசரத்தை அழுகிறவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதில் காட்டினோமா என்று கருணாபுரத்தைப் பற்றி இப்போதும் கேட்டுக்கொள்ளலாம். அங்கே பாடப்பட்ட ஒப்பாரியில் ஒரு வரியாவது எந்தப் பத்திரிகையிலாவது அச்சானதை நான் பார்க்கவில்லை.

சங்கராபுரம் பக்கத்து நண்பர் ஒருவர் இருபது வருஷமாகப் படமெடுப்பவர். போன வருஷம் கடன் வாங்கி ஒரு மிரர்லெஸ் வாங்கினார், செகண்ட் ஹாண்ட்தான். அதை எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு பெரியவரைத் திண்ணையில் உட்காரவைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, ஏழெட்டுப் படம் எடுத்து முடித்துக் கேமராவை இறக்கிவிட்டார். பெரியவர் அசையவே இல்லை. கையை முழங்கால்மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாராம். கொஞ்ச நேரம் கழித்து உதடு மட்டும் அசைய, "என்னப்பா, இன்னும் எடுக்கலியா?" என்று கேட்டிருக்கிறார்.

எடுத்தாச்சு என்று நண்பர் சொல்லியும் பெரியவர் நம்பவில்லை. கடைசியில் மெனுவுக்குள் போய்ச் சத்தத்தைப் போட்டுவிட்டு இன்னொரு படம் எடுத்தாராம்.