தோட்டத்துப் பட்டறையும் ஒரு சாம்பல் நிற டிராக்டரும்



மலாக்கா மாநிலத் தோட்டங்களின் வரலாறு பேசப்படும்போதெல்லாம் பால்மரம், கங்காணி, லயம், கோயில், பள்ளி ஆகியவையே முன்னிற்கின்றன. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதையும், பின்னர் புக்கிட் அசகானில் அப்பயிர் விரிவடைந்ததையும் நாம் மாணவர்களுக்குச் சொல்கின்றோம். ஆயினும், தோட்டத்துப் பட்டறையைப் பற்றி நாம் சொல்வதே இல்லை. பால் வெட்டியவர்களின் உழைப்பைப் போற்றும் நாம், பட்டறையில் தேய்ந்த இயந்திரங்களுக்கு மறுவாழ்வு கொடுத்தவர்களின் அறிவையும் போற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறிய டிராக்டரின் பெரிய வரலாறு

1946ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஹாரி ஃபெர்குசனின் டி.இ. 20 என்னும் டிராக்டர் உற்பத்தியாகத் தொடங்கியது. சாம்பல் நிறம், ஒரு டன்னுக்குச் சற்றே கூடுதலான எடை, சிறிய உருவம். 1956ஆம் ஆண்டு வரை ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டவை உருவாக்கப்பட்டு, உலகின் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டன. எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த எட்மண்ட் ஹில்லரி, 1958 ஜனவரி 4ஆம் நாள் தென் துருவத்தை அடைந்ததும் இவ்வகை டிராக்டர்களில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

தொடக்கத்தில் இதற்கு அமெரிக்க எஞ்சின் பொருத்தப்பட்டது. விரைவிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது. இந்த எஞ்சினில்தான் நம் கட்டுரையின் மையக் கருத்து அடங்கியுள்ளது.

பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் குழாயே சிலிண்டர். பல எஞ்சின்களில் அது வார்ப்பிரும்புக் கட்டையிலேயே குடையப்பட்டிருக்கும். அது தேய்ந்துவிட்டால், கட்டை முழுவதையும் கடைசல் பட்டறைக்குக் கொண்டுசென்று ‘போர்’ போட்டு, பெரிய பிஸ்டன் வாங்கிப் பொருத்த வேண்டும். ஸ்டாண்டர்டு எஞ்சினில் ‘லைனர்’ எனப்படும் தனி உறைகள் இருந்தன. அவற்றைச் சுற்றிலும் குளிர்விக்கும் தண்ணீர் நிற்கும். தேய்ந்த லைனரை உருவிவிட்டுப் புதியதை இறக்கிவிடலாம். நகரத்திலிருந்து வெகுதொலைவில் இருப்பவரும், கைத்திறனும் பொறுமையும் இருந்தால், எஞ்சினைப் புதுப்பித்துவிடலாம் என்பதே இதன் பொருள்.

பெரியப்பாவின் பள்ளிக்கூடம்

ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் என் பெரியப்பா முப்பது ஆண்டுகள் பட்டறையில் பணியாற்றினார். எல்லாரும் அவரைப் ‘போர்மேன்’ என்றே அழைப்பார்கள். அவர் படித்தது ஆறாம் வகுப்பு வரையில்தான். பழைய இரும்புக்குப் போகவிருந்த ஒரு ஃபெர்குசன் டிராக்டரை வாங்கி வந்து, தம் காய்கறித் தோட்டத்துக்காக அதனை அவர் புதுப்பித்தபோது நான் உடனிருந்தேன்.

முதலில் அவர் எதையும் கழற்றவில்லை. புகையைப் பார்த்தார். நீலப் புகை வந்தது. “எண்ணெய் எரியுதுப்பா, ரிங் போச்சு” என்றார். பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களைப் பற்றிச் சொன்னார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாகக் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்துவிடும், நீர்த்த எண்ணெய் இரும்பைக் காக்காது, தேய்மானம் கூடும். செம்மண் தூசியும் உள்ளே புகுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று அடையாளமிட்டு வரிசையாக வைத்தார். கிராங்க் தண்டை மைக்ரோமீட்டரால் இரு திசைகளிலும் அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இல்லாவிட்டால் தண்டு முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருளாம். புதிய லைனர்களை இறக்கிய பின், ஒவ்வொரு பிஸ்டன் வளையத்தையும் முதலில் லைனருக்குள் தனியாக நுழைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்தார். 80 மில்லிமீட்டர் லைனருக்கு அது ‘பத்து தௌ’ அளவில் இருக்க வேண்டும். அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு. ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் வளையம் விரிந்து முனைகள் முட்டி முறிந்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அழுத்தம் கசியும்.

தசமம் கற்பிக்கும் ஆசிரியர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். 0.010 என்னும் எண்ணை நாம் கரும்பலகையில் எழுதுகின்றோம். அவர் அதை விரல் நுனியில் உணர்ந்தார்.

கோவையில் ஒரு முன்னோடி

இத்தகைய அறிவுக்குத் தமிழகத்தில் சிறந்த சான்று கோவை ஜி.டி. நாயுடு. 1893இல் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், முறையான பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளவில்லை. ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதனை வாங்கிப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து மின்மோட்டார் உருவாக்கினார். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரிலான தொழில்நுட்பக் கல்லூரி தோன்றவும் அவரே காரணமாக இருந்தார். நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் கற்பிக்க இயலும் என்று அவர் வாதிட்டார். அரசு அதனை ஏற்காதபோது பொறுப்பிலிருந்து விலகினார்.

நாயுடுவுக்கு முதலும் ஊரும் துணைநின்றன. நம் தோட்டத்துப் போர்மேன்களுக்கு அவை இல்லை. ரப்பர் அழிந்து செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபோது, நம்மவர்கள் மலாக்கா, ஜாசின், அலோர் காஜா எனப் பல ஊர்களுக்குக் குடிபெயர்ந்தனர். பெரியப்பாவின் கையில் முப்பதாண்டு அனுபவம் இருந்தது, சான்றிதழ் இல்லை. நகரில் அவருக்குக் கிடைத்தது காவலாளி வேலைதான்.

நாம் செய்ய வேண்டியவை

இன்று வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழை, பயிற்சிக் கூடத்தில் பயின்றவர்கள் மட்டுமன்றி, பணி அனுபவத்தைச் சான்றுகளுடன் மெய்ப்பிப்பவர்களும் பெறலாம். பெற்றோர்கள் இதனை அறிந்திருத்தல் நலம். “படிப்பு வரவில்லை, பட்டறைக்குப் போகட்டும்” என்று பிள்ளையைத் தாழ்த்திச் சொல்வதையும் விட்டுவிடுவோம். பட்டறைக்குக் கணக்கு வேண்டும், கவனம் வேண்டும், ஒழுங்கு வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக்கு அருகில் தோட்டத்துப் பட்டறைகளில் பணியாற்றிய முதியவர்கள் இருந்தால், அவர்களை வகுப்பறைக்கு அழையுங்கள். ஒரு பழைய பிஸ்டனையும் ஒரு வளையத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதை மாணவர்கள் எழுதி வைக்கட்டும். அவர்களுள் பலர் எண்பதை நெருங்கிவிட்டனர். நாம் காலம் தாழ்த்தலாகாது.