முடிவிலாத் தொடரின் கூடுதல்

முடிவில்லாத உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டித் தீர்க்க யாராலும் இயலாது. ஆகவே முதல் ஒன்று, முதல் இரண்டு, முதல் மூன்று என்று கூட்டிக் கிடைக்கும் பகுதிக் கூடுதல்கள் எந்த எண்ணை நெருங்குகின்றனவோ, அதையே தொடரின் கூடுதல் என்கிறோம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் படித்த பின்னங்களிலேயே இதற்கு அருமையான சான்று இருக்கிறது. அரை, கால், அரைக்கால், வீசம்: ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. அரையும் காலும் முக்கால்; அரைக்கால் சேர்ந்தால் 7/8; வீசமும் சேர்ந்தால் 15/16. ஒன்றுக்குக் குறைவது எப்போதும் கடைசியாகச் சேர்த்த பின்னத்தின் அளவே. ஒன்றை ஒருபோதும் தொடவில்லையே என்று கேட்கலாம். தொட வேண்டியதில்லை, எவ்வளவு சிறிய இடைவெளியைக் குறித்தாலும் பகுதிக் கூடுதல்கள் அதற்குள் புகுந்து அங்கேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போனால் போதும், கூடுதல் கிடைத்துவிடும் என்பதும் தவறு. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடரில் 1/3, 1/4 இரண்டும் சேர்ந்து அரையைத் தாண்டும். 1/5 முதல் 1/8 வரை மறுபடியும் அரையைத் தாண்டும். அரைகள் ஓயாமல் சேர்வதால் இதற்கு எல்லையே இல்லை. ஆனால் 10ஐக் கடக்கவே 12,367 உறுப்புகள் வேண்டும். நம் வரையறைக்குக் கடினமான மறுப்பு கணிதமேதை இராமானுசனிடமிருந்து வருகிறது. 1913இல் சென்னையிலிருந்து ஆங்கிலக் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் 1 + 2 + 3 + … என்பதன் மதிப்பு −1/12 என்றார். பகுதிக் கூடுதல்களோ 1, 3, 6, 10 என்று ஏறுகின்றன. இது பிழையன்று; இம்மதிப்பு தம் கோட்பாட்டின்படி என்று அவரே குறித்திருந்தார். 1 + 1/2ˢ + 1/3ˢ + … என்ற தொடரை விரித்து அமைத்த ரீமனின் சீட்டா சார்பு s = −1இல் பெறும் மதிப்பும் அதுவே. கூடுதல் என்ற சொல்லுக்கு அங்கே வரையறை வேறு.