புத்தகம் இல்லாத பைக்கின் விலை

2014 ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் நடந்த ஓர் ஏலத்தில் பழைய ஹார்லி டேவிட்சன் ஒன்று 13.5 இலட்சம் அமெரிக்க டொலருக்குப் போனது. 1969இல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தில் பீட்டர் ஃபொண்டா ஓட்டின 'கப்டன் அமெரிக்கா' இதுதான் என்று சொல்லி விற்றார்கள். நீண்டு சரிந்த முன் ஃபோர்க், முன் பிரேக் கிடையாது, அமெரிக்கக் கொடி கீறிய சின்னப் பெற்றோல் தாங்கி. படம் பார்க்காத எங்கட வயது ஆக்களும் அந்த உருவத்தை ஒரு ரீசேர்ட்டிலாவது கண்டிருப்பம்.

எங்கட ஊரில் பழைய பைக் விற்கப் போனால் முதல் கேள்வி, "புத்தகம் இருக்கா?" என்பதுதான். அந்தக் கேள்வியை இந்த ஏலத்திலும் கேட்டார்கள். படத்துக்காகச் செய்த பைக்குகள் நான்கு. மூன்று படவேலை முடியமுதலே களவு போய்விட்டன. இறுதிக் காட்சியில் நொறுங்கிய நாலாவதை நடிகர் டான் ஹகர்ட்டி திருத்திக் கட்டினார் என்பது கதை. சிக்கல் என்னவென்றால், இரண்டு வெவ்வேறு பைக்குகளுக்கு "இதுதான் அசல்" என்று அவர் அத்தாட்சி கொடுத்திருந்தார். இது தெரிந்தும் விலை ஏறியது.

எது அசல் என்று இவ்வளவு கதைத்தவர்கள், அதைச் செய்தது யார் என்பதைப் பெரிதாகக் கதைக்கவில்லை. எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கேள்விதான்.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். இரண்டாம் உலகப் போருக்காக ஹார்லி நிறுவனம் ஏறத்தாழ 90,000 இராணுவ மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. போர் முடிய, மிஞ்சியவை மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. ஊர் திரும்பிய இளம் படையாட்கள் வாங்கி, மட்காட்டை வெட்டினார்கள், தேவையில்லாத பாரத்தைக் கழற்றி எறிந்தார்கள். இப்படி வெட்டிக் குறைத்ததாலேதான் பிறகு 'சொப்பர்' என்ற பெயர் வந்தது. இன்றைக்கு ரெட்ரோ குரூசர் என்று நாங்கள் ஆசையாகப் பார்க்கிற வடிவத்தில் பெரும்பங்கு இந்தக் கராஜ்களில் உருவானது. செகண்ட் ஹாண்ட் பைக்கும் ஒரு வெல்டிங் கருவியும் கிடைத்த ஆக்கள் செய்த வேலை அது. எந்தக் கம்பனியின் வடிவமைப்பு மேசையிலும் பிறக்கவில்லை.

தென் லொஸ் ஏஞ்சலிஸில் அப்படியொரு கராஜ் வைத்திருந்தவர் பென் ஹார்டி. அவரோடு சேர்ந்தவர் கிளிஃப் வோஸ். இவர் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவில் புகைப்படக்காரராக இருந்து, குடியுரிமைப் போராட்டத்தைப் படம் பிடித்தவர். இருவரும் கறுப்பினத்தவர்கள். பொலிஸ் ஏலத்தில் கழித்து விட்ட 'பான்ஹெட்' ஹார்லிகள், ஒன்று 500 டொலர் படி, படத்துக்காக வாங்கப்பட்டன. (எஞ்சினின் தலைமூடி கவிழ்த்த சட்டிபோல இருப்பதால் அந்தப் பெயர்.) கறுப்பின மக்களை வீதியில் மறித்துச் சோதித்த பொலிசின் பைக்கை இந்த இருவரும் அடையாளமே தெரியாமல் மாற்றினார்கள் என்பதை நினைக்க எங்களுக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

படத்தின் பெயர்ப் பட்டியலில் இருவரும் இல்லை. தயாரிப்பு நடக்கும்போதே வோஸ் வெளியேற்றப்பட்டார். பைக்குகளைப் பற்றிய கதைகளில் ஃபொண்டாவின் பெயரே முன்னுக்கு நின்றது. ஹார்டியும் வோஸும் பரவலாகப் பேசப்பட நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்தது.

கராஜ்காரர்களின் ரசனையைக் கம்பனியும் விட்டுவைக்கவில்லை. ஹார்லி 1984இல் 'சொஃப்டெயில்' என்ற மாதிரியை இறக்கியது. பார்த்தால் பின் ஸ்பிரிங் இல்லாத 1950களின் பைக். உண்மையில் ஸ்பிரிங்குகள் கியர்பெட்டிக்குக் கீழே ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. முதுகு நோகாத பழமை! அந்தச் சட்டகத்தைக் கண்டுபிடித்தவர் பில் டேவிஸ் என்ற வெளியாள். அவரிடமிருந்து கம்பனி உரிமையைக் காசு கொடுத்து வாங்கியது, அவர் பெயரும் வரலாற்றில் நின்றது. ஹார்டியிடமும் வோஸிடமும் யாரும் அப்படி ஒப்பந்தத்தோடு போகவில்லை. 1990களில் புது ஹார்லிக்குக் காத்திருக்க ஏலாதவர்கள், பாவித்த பைக்கையே புதுவிலைக்கு மேலே கொடுத்து வாங்கினார்கள்.

ஹார்டி 1994இல் இறந்தார். 2014 ஏலம் நடந்தபோது வோஸ் உயிரோடு இருந்தார், 13.5 இலட்சம் போன பைக்கின் அசலைக் கட்டிய இருவரில் மிஞ்சியிருந்தவர் அவர்தான்.