சுங்கம் தவிர்த்த சோழனும் இரண்டு சுங்குடிச் சேலைகளும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

2025 தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் அமெரிக்காவிலிருந்து மகள் அழைத்தாள். மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் சிறு கடை ஒன்றில் ஆன்லைனில் இரண்டு சேலை ஆர்டர் போட்டிருந்தாள். விலை 80 டாலர். வாசலுக்கு வந்த கூரியர்க்காரர் வரியும் கூரியர் கட்டணமுமாகச் சேர்த்து இன்னும் 58 டாலர் கட்டச் சொல்லியிருக்கிறார்.

“ஏழெட்டு வருஷமா இப்படித்தாம்ப்பா வாங்குறேன். ஒரு டாலர் வரி கட்டினதில்ல. இப்ப மட்டும் எங்கேருந்துப்பா வந்துச்சு?”

சரித்திர வாத்தியார் மகள், வேறு யாரிடம் கேட்பாள்? பதில் சொல்ல வாயெடுத்தபோது, 1984-ல் ஒன்பதாம் வகுப்பில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. முதலாம் குலோத்துங்க சோழன் பாடம். “சுங்கத்தை நீக்கியதால் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றார்” என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

“சார், சுங்கத்த எடுத்துட்டா ராஜாவுக்குக் காசு எங்கேருந்து வரும்?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, “உட்காருடா, பரீட்சைக்கு இது வராது” என்று சொல்லிவிட்டேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பதில் தெரியவில்லை. தம்பி, நீ இந்தப் பதிவைப் படிப்பாய் என்று நம்புகிறேன். நாற்பது வருஷம் தாமதமாக உனக்கும், கூடவே என் மகளுக்கும் பதில் எழுதுகிறேன்.

சுங்கம் நம் மண்ணில் மிகப் பழைய விஷயம். வள்ளுவர் அதை ‘உல்கு’ என்கிறார். அரசனுக்கு உரிய வருவாய்களில் ஒன்றாகச் சேர்க்கிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத் துறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். கடலிலிருந்து இறங்கும் சரக்கும் கடலுக்குப் போகும் சரக்கும் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. ஓயாமல் உழைக்கும் சுங்கக் காவலர்கள் இருக்கிறார்கள். மூட்டைகள்மேல் சோழரின் புலி முத்திரை விழுகிறது. இன்று பார்சல்மேல் ஒட்டுகிற சுங்கச் சீட்டுக்கு அந்தப் புலிதான் பாட்டன்.

எதிர்முனையில் நிலைமை என்ன? சேர நாட்டு முசிறியிலிருந்து கிளம்பிய சரக்குக்கு ரோமாபுரி அரசு என்ன வரி வாங்கியது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஏடு அது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1985-ல்தான் அச்சில் வெளிவந்தது. ‘எர்மபொல்லோன்’ என்ற கப்பலில் வந்த தந்தம் முதலான சரக்கின் கணக்கு அதில் இருக்கிறது. சரக்கின் மதிப்பு சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். அன்று எகிப்து ரோமின் ஆட்சியில் இருந்தது. கிழக்கிலிருந்து அந்த வழியாக வந்த சரக்குக்கு வரி நாலில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம்.

இவ்வளவு வரி போட்டும் வியாபாரம் நிற்கவில்லை. வாங்கியவர்கள் ரோமாபுரிப் பணக்காரர்கள். மிளகுக்கும் தந்தத்துக்கும் என்ன விலையும் கொடுப்பார்கள். வரியைச் சரக்கின் விலையோடு சேர்த்து அவர்கள் தலையில் வைத்துவிடலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது குலோத்துங்கனுக்கு வருவோம். 1070-ல் பட்டத்துக்கு வந்தார். கடல் வியாபாரத்தின் அருமை தெரிந்தவர். 1077-ல் 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனாவுக்குப் போனதாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. இன்றைய விசாகப்பட்டினத்துக்கு அவர் காலத்தில் குலோத்துங்க சோழப்பட்டினம் என்றே பெயர் இருந்தது. திசையாயிரத்து ஐநூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் கடலிலும் சாலையிலும் சரக்கு ஓட்டிய காலம் அது. வழி நெடுகச் சாவடிக்குச் சாவடி நின்று காசு எண்ணிக்கொண்டிருந்தால் எந்த வணிகன் வருவான்?

சரி, காசு எங்கிருந்து வந்தது? பாடப் புத்தகத்திலேயே இன்னொரு பக்கத்தில் பதில் இருந்தது. 1086-ல் குலோத்துங்கன் நாடு முழுக்க நிலத்தை அளக்கச் செய்தார். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் முதலாம் வில்லியமும் நிலக்கணக்கு எடுத்தார். சோழ அரசின் முதுகெலும்பு நிலவரிதான். நிலத்தைச் சரியாக அளந்து, விளைச்சலில் சேர வேண்டியதைச் சரியாக வாங்கும் அரசனால் சாலையில் விட்டுக்கொடுக்க முடியும். நான் இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்தினேன். ‘சுங்கம் தவிர்த்தார்’ என்பதற்கு இரண்டு மதிப்பெண், ‘நிலம் அளந்தார்’ என்பதற்கு இரண்டு மதிப்பெண். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன்தான்.

சுங்கத்தைத் தவிர்ப்பது எப்போதும் நம் நன்மைக்காக நடந்ததும் இல்லை. நம் நாட்டு அச்சுத்துணி இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்தபோது, அவர்கள் நெசவாளர்களுக்காக 1700-லும் 1721-லும் தடைச் சட்டம் போட்டார்கள். இரண்டாவது சட்டம் அந்தத் துணியை உடுத்துவதையே தடுத்தது. பிறகு லங்காஷயர் மில்கள் வளர்ந்தன, ஆட்சியும் அவர்கள் கைக்கு வந்தது. அப்போது ‘சுதந்திர வர்த்தகம்’ என்று பேசி, 1882-ல் இந்தியாவுக்குள் வரும் துணிமீதான சுங்கத்தை நீக்கினார்கள். 1894-ல் கஜானா காலியானதால் மறுபடி வரி போட வேண்டியதாயிற்று. லங்காஷயர் முறைத்தது. முடிவில் 1896-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? வெளிநாட்டுத் துணிக்கு மூன்றரை சதவீதம் இறக்குமதி வரி. சரிசமமாக இருக்கட்டும் என்று நம் மில் துணிக்கும் அதே மூன்றரை சதவீதம் உற்பத்தி வரி! அது ஒழிய கிட்டத்தட்ட முப்பது ஆண்டு ஆனது. 1925 டிசம்பரில் நிறுத்தி, 1926-ல் நீக்கினார்கள். சுதேசி இயக்கத்தின் கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மகளின் கேள்வி. ‘ஏழெட்டு வருஷமாக இல்லாத வரி எங்கிருந்து வந்தது?’

அமெரிக்காவில் 1938-ல் ஒரு ஏற்பாடு வந்தது. ஒரு டாலர் வரைக்கும் உள்ள சின்னப் பொருளுக்கு வரி வேண்டாம் என்றார்கள். இரக்கம் காரணம் இல்லை. பத்து சென்ட் வரி வசூலிக்க ஐம்பது சென்ட் செலவழிப்பானேன் என்ற கணக்குதான். 1993-ல் அந்த வரம்பு 200 டாலர் ஆனது, 2016-ல் 800 டாலர் ஆனது. என் மகள் சேலை வாங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் சீனாவின் பெரிய ஆன்லைன் கடைகளும் நுழைந்தன. கப்பலில் மொத்தமாக அனுப்பினால் வரி உண்டு. ஒவ்வொரு சட்டையையும் தனித்தனி உறையில் போட்டு வாங்குபவர் வீட்டுக்கே அனுப்பினால் வரி இல்லை. 2024 நிதியாண்டில் மட்டும் இப்படி 136 கோடி பார்சல்கள் அமெரிக்காவுக்குள் போயின. 2025 மே 2-ல் சீனப் பொருளுக்கு வாசலை அடைத்தார்கள். ஆகஸ்ட் 29-ல் எல்லா நாடுகளுக்கும் அடைத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் இந்தியப் பொருள்மீதான கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டிருந்தது. இந்த இரண்டு இடியும் சேர்ந்து அந்த இரண்டு சேலைமேல் விழுந்தன.

அமெரிக்காவை மட்டும் திட்ட வேண்டாம். ஆஸ்திரேலியா 2018-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2021-லும் சின்ன பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டன. நம் நாடும் செய்தது. வெளிநாட்டிலிருந்து வரும் 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு முன்பு வரி இல்லை. சீன ஆன்லைன் சரக்கு ‘அன்பளிப்பு’ என்ற சீட்டோடு வந்து குவியவும், 2019 டிசம்பரில் அந்தச் சலுகை போனது. ராக்கிக் கயிற்றுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள். பேத்தி தன் முதல் சம்பளத்தில் தாத்தாவுக்கு ஒரு சட்டை அனுப்பினாலும் சட்டத்தின் கண்ணில் அது இறக்குமதிதான்.

“இந்தியா மீது 50 சதவீத வரி” என்றுதான் தொலைக்காட்சியில் சொன்னார்கள். வாசலில் நின்று கட்டியது யார்? என் மகள். “இனிமே வேண்டாம்ப்பா, ஊருக்கு வரும்போது எடுத்துக்கிறேன்” என்றாள். அடுத்த அடி யாருக்கு? மதுரைக் கடைக்காரருக்கு. அதற்கும் அடுத்தது, சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடும் பெண்களுக்கு. ரோமாபுரி சீமான்கள் நாலில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு மிளகு வாங்கினார்கள். சுங்குடி அப்படி இல்லை. விலை ஏறினால் வாங்குபவர் கையை விரித்துவிடுவார். பெரிய கம்பெனிக்கு வேறு வழி உண்டு. அங்கேயே கிடங்கு எடுக்கும், வக்கீல் வைக்கும். திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போடுபவருக்கு அந்தச் சின்ன வாசல் ஒன்றுதான் இருந்தது.

தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். ராஜா ஓரிடத்தில் விட்டால் இன்னோரிடத்தில் வாங்குவார். அந்தக் காலத்துக் குடியானவனின் வயலில் அது நிலவரியாக இறங்கியது. ஆகவே வரி போட்டாலும் சரி, நீக்கினாலும் சரி, “இப்போது இதைச் சுமப்பது யார்?” என்று கேட்க வேண்டும். நீ அன்றைக்கே கேட்டாய். உட்காரச் சொன்னது என் தப்பு.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். கடைசி பெஞ்சில் எவனாவது எழுந்து இப்படிக் கேட்டால் உட்காரச் சொல்லாதீர்கள். பதில் தெரியாவிட்டால் “நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். அந்த நாளை எனக்கு வர நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

மகளிடம் இத்தனையும் போனில் சொல்லி முடித்தேன். கடைசியில், “சரிப்பா, சேலை நல்லா இருக்கு” என்றாள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்