பாவா ஆதம் மலைக்கு ஒரு பஸ் டிக்கட்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

போன மாதம் தரம் 9 வகுப்பில் வரலாறு படிப்பிக்கும்போது இப்னு பதூதாவைப் பற்றிப் பேச்சு வந்தது. "டீச்சர், அவர் இங்க வந்து எந்த மலைக்கு ஏறினார்?" என்று ஒரு பிள்ளை கேட்டா. "பாவா ஆதம் மலைக்குத்தான்" என்றேன். "அது எது?" என்றா. சிவனொளிபாதமலை, ஸ்ரீ பாத என்று விளக்கியதும் அவ சொன்னது: "அது அவங்கட மலையல்லவா டீச்சர்?"

என் உம்மம்மா அந்த மலைக்கு வேறு பெயரே சொன்னதில்லை. அவருக்கு அது பாவாத மலைதான். இரண்டு தலைமுறைக்குள் அது "அவங்கட" மலையாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கொமன்டில் சண்டை வேண்டாம். ஆதம் நபி எந்த இடத்தில் இறங்கினார்கள் என்று குர்ஆன் சொல்லவில்லை. உச்சியில் இருக்கும் பாதம் யாருடையது என்பதில் பௌத்தர்களுக்கு ஒரு நம்பிக்கை, சைவர்களுக்கு ஒன்று, கிறிஸ்தவர்களில் சிலருக்கு இன்னொன்று. நான் மார்க்கத் தீர்ப்பு எழுத வரவில்லை. அந்த மலைக்கு யார் யார் நடந்தார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

கி.பி. 851இல் எழுதப்பட்ட அரபு வணிகர் சுலைமானின் குறிப்புகளிலேயே இந்த மலை வருகிறது. அரபு மாலுமிகள் அதை அர்-ரஹூன் என்றார்கள். கடலிலிருந்து தெரியும் மலை அது. உயரம் 2,243 மீற்றர். எங்கள் நாட்டில் அதைவிட உயர்ந்த மலைகள் இருக்கின்றன. ஆனால் தனியாகக் கூம்பு மாதிரி நிற்பதால் தூரத்திலிருந்து வருபவரின் கண் அதில்தான் விழும்.

இப்னு பதூதா வந்தது 1344இல், மாலைதீவிலிருந்து. இறங்கிய இடத்தை அவர் பத்தாலா என்று எழுதுகிறார். அது புத்தளம். அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி, வடக்கை ஆண்ட தமிழ் அரசர். அரசருக்குப் பாரசீகம் விளங்கியதாம், அதனால் பேச்சில் சிரமம் இருக்கவில்லை. முத்தெல்லாம் காட்டிவிட்டு உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று: ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும். அரசர் ஒரு பல்லக்கு கொடுத்தார். கூடவே வருடாவருடம் அந்த மலைக்குப் போகும் யோகிகள் நான்கு பேர், பிராமணர் மூன்று பேர், அரசரின் ஆட்கள் பத்துப் பேர், சாமான் தூக்கப் பதினைந்து பேர்.

அந்தக் கூட்டத்தை ஒரு தரம் மனதில் நிறுத்திப் பாருங்கள். மொரோக்கோவிலிருந்து வந்த ஒரு காழி, தமிழ் அரசரின் செலவில், யோகிகளோடும் பிராமணர்களோடும் சிங்கள நாட்டுக்குள் நடக்கிறார். நான் சமாதானப் பாடத்துக்காகச் செய்த கதையல்ல இது. 1355இல் ஃபெஸ் நகரில் அவர் சொல்லி முடித்த நூலில் இருப்பது.

ஆனால் எல்லாம் தேனும் பாலும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே நூலில் இன்னொரு ஆள் வருகிறார், அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வழியில் குனகார் என்ற அரச நகரம் வருகிறது. அதைக் குருநாகல் என்பவர்களும் இருக்கிறார்கள், கம்பளை என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நகருக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் இருந்தது. பாதத்துக்குப் போகும் பயணிகளுக்கு வழி காட்டியவர் அவர்தான். ஒரு மாட்டை அறுத்ததற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டன. அந்த நாட்டுச் சட்டப்படி அதற்கு மரண தண்டனை. மக்கள் அவர்மேல் வைத்திருந்த மரியாதையால் அது குறைக்கப்பட்டது என்கிறார் இப்னு பதூதா. தண்டித்த அரசரே ஒரு சந்தையின் வருமானத்தையும் அவருக்குக் கொடுத்தார். அரசரும் ஊர் மக்களும் அவரைப் போய்ப் பார்த்து வந்தார்கள். அவரால் நடக்க முடியாமல் போனபின், அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் வழிகாட்டும் வேலையைத் தொடர்ந்தார்கள்.

இதை வாசித்த இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. வெட்டியதும் அவர்கள், மதித்ததும் அவர்கள். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகும் பாதையை விட்டுப் போகவில்லை.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நாங்கள் பாதையை விட்டோம். கொட்டாஞ்சேனைக்காரருக்கு அந்த ஞாயிறு காலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, கொச்சிக்கடை கோயில் அவர்களுடைய கூப்பிடு தூரத்தில். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் எடுத்த முடிவு, தூரப் பயணம் இனி வேண்டாம் என்பது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே போன நாட்கள் உண்டு. நின்றுகொண்டு போனார்கள், உட்காரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை. பயம் எல்லாப் பக்கமும் இருந்தது. நாங்கள் போவதை நிறுத்தினோம், பிள்ளைகளும் அது "அவங்கட" மலை என்று படித்துக்கொண்டார்கள்.

இந்த வருடம் போனோம். நான், கணவர், மகன், தம்பி. கொட்டாஞ்சேனையிலிருந்து கலாசாலையில் என்னோடு படித்த சிநேகிதியும் அவவின் அண்ணாவும். 102 பஸ்ஸின் ஒரு பக்கத்திலிருந்து நாங்கள் ஏறினோம், மற்றப் பக்கத்திலிருந்து அவர்கள். சந்தித்தது புறக்கோட்டையில். அங்கிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரி, நூறு கிலோமீற்றர் அளவு. பிறகு இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல பஸ்.

பெரும்பாலானோர் ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகத்தான் போகிறார்கள். அது சுகமான பக்கம், பிழையில்லை. ஆனால் ஹட்டனுக்கு ரயில் வந்ததே 1884இல்தான். இரத்தினபுரிப் பக்கம் அதைவிட மிகப் பழையது. பலாபத்தல பஸ் கிலீமலை என்ற ஊரைக் கடந்து போகும். ஜன்னலால் பார்த்தால் சாதாரண ஊர், இரண்டு கடை, ஒரு பாடசாலை. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னர், மலை ஏறுபவர்கள் பசியில் களைத்துப்போகக் கூடாது என்று இந்தக் கிலீமலையின் வருமானத்தை அவர்களுடைய சாப்பாட்டுக்கு ஒதுக்கினார் என்று சூளவம்சம் சொல்கிறது. இதை பஸ்ஸில் மகனுக்குச் சொன்னேன். "இப்பவும் குடுப்பாங்களா?" என்று கேட்டான். நாங்கள் கொண்டுபோன ரொட்டியும் சம்பலும்தான் கிடைத்தது அவனுக்கு.

நடை பலாபத்தலையில் தொடங்குகிறது. காட்டுக்குள்ளால் ஒரு முழு இரவு ஏற்றம். ஹட்டன் பக்கத்தை நினைத்து வராதீர்கள், முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் இதில் வரவேண்டாம். அட்டைக் கடி நிச்சயம். நான் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு, பையில் நாலு தேசிக்காய் வைத்திருந்தேன். சிநேகிதி சிரித்தா. இப்னு பதூதாவும் இந்த அட்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்: தண்ணீர் ஓரத்து மரத்திலும் புல்லிலும் இருந்து ஆள்மேல் பாயும், மக்கள் தேசிக்காயைத் தயாராக வைத்திருந்து அதன்மேல் பிழிவார்கள், அது விழுந்துவிடும் என்று. ஏறத்தாழ எழுநூறு வருடம் கழித்து அதே வைத்தியம். இரண்டு தேசிக்காய் சிநேகிதியின் காலுக்கே முடிந்தது.

மேலே போகப்போக மஹகிரிதம்ப என்ற செங்குத்தான பாறை வருகிறது. இப்போது படியும் பிடித்து ஏறக் கம்பியும் இருக்கின்றன. இப்னு பதூதாவின் காலத்தில் மலையில் பத்துச் சங்கிலிகள் இருந்தனவாம். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அதில் நின்று கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் கலிமா சொல்லிவிடுவாராம். கம்பி இருந்தும் நான் சொன்னேன். முன்னால் ஏறிய ஒரு சிங்கள ஆச்சி, வயது எழுபதுக்குக் குறையாது, திரும்பி என்னைப் பார்த்துக் "கருணாவை" என்றா. களைத்துப் போகிறவர்களுக்கு அங்கே சொல்கிற வாழ்த்து அது. என் தலையில் இருந்த ஸ்கார்பைப் பார்க்காமல் சொல்லவில்லை, பார்த்துவிட்டுத்தான் சொன்னா.

சுபஹுக்கு நேரமானபோது ஒரு பிளேன்டீக் கடையில் நின்றோம். தொழ ஓர் இடம் வேண்டும் என்று கணவர் சிங்களத்தில் கேட்டார். கடைக்காரர் பின்பக்கத்தில் இருந்த பிஸ்கட் பெட்டிகளை நகர்த்தி இடம் தந்தார். எங்களுக்கு முன்னரும் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள் போல, எந்தத் திசை என்று அவரே கையால் காட்டினார்.

இப்னு பதூதா இறங்கியபின் தெவிநுவர, காலி வழியாகக் கொழும்புக்கு வந்தார். கலன்பூ என்று எழுதி, இந்தத் தீவின் அழகான பெரிய நகரங்களில் ஒன்று என்று புகழ்கிறார். நாங்களும் இரத்தினபுரியிலிருந்து அதே கலன்பூவுக்கு வந்து சேர்ந்தோம், நின்றுகொண்டு, ஆட்கள் நிறைந்த பஸ்ஸில். சப்பாத்தைக் கழற்றியபோது தம்பியின் காலுறைக்குள் இன்னும் ஒரு அட்டை இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பருவகாலம் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை. போயாவும் வார இறுதியும் சேரும் நாட்களைத் தவிருங்கள், படியில் வரிசை நகராது. பலாபத்தலையிலிருந்து திரும்பும் பஸ் நேரத்தை இரத்தினபுரி நிலையத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உச்சி ஒரு வணக்கத்தலம், அந்த மரியாதையோடு நில்லுங்கள். அந்தத் தரம் 9 பிள்ளையின் உம்மாவிடம் பேசியிருக்கிறேன். வாப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறா.