வெறுங்கால் வழக்கமல்ல, கட்டளை

"செருப்பில்லாமல் காட்டுக்குள் இறங்காதீர்கள்" என்று மருத்துவ முகாம்களில் நம் மக்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் நம் பாட்டன்மார் ஏன் வெறுங்காலோடு நடந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அறியாமை, வறுமை என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறார்கள். வரலாறு சொல்வது வேறு.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதிமுறை பற்றிய தமது நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். நகை கூடாது, சட்டை கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று நீளும் பட்டியலில் எட்டாவது தடை இது: ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் சூறையாடப்பட்டன.

நமது கொங்குப் பகுதியில் இதே தடை பட்டியல் போடாமலே நடந்தது. மல்லசமுத்திரம் சுற்றுவட்டாரத்து முதியவர்களிடம் பேசும்போது, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்த கதையைத்தான் கேட்கிறோம். பண்ணையத்துக்குச் செருப்பும், கிணற்றுக் கவலைக்குத் தோல் சாலும் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். தைத்த கைகளுக்குச் சொந்தமான கால்களுக்கு மட்டும் அந்தச் செருப்பு மறுக்கப்பட்டது.

மறுக்கப்பட்டது மரியாதை மட்டுமல்ல, உடல்நலமும்தான். கொக்கிப்புழு மனிதத் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகிறது என்பதை 1898இல் எகிப்தில் ஆர்தர் லூஸ் வெளிப்படுத்தினார். மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் இளம்புழு, பாதத்தின் வழியே ஏறி, நுரையீரல் கடந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. விளைவு இரத்தசோகை. "சோம்பேறிகள்" என்று ஏசப்பட்ட கூலிகளில் எத்தனை பேர் இரத்தமில்லாமல் சோர்ந்திருந்தார்களோ!

முள் குத்திய புண் வழியே நுழைந்து பாதத்தைச் சிதைக்கும் இன்னொரு நோய்க்கு மருத்துவ உலகம் நம் மதுரையின் பெயரையே வைத்தது: 'மதுரா ஃபுட்'. 1842இல் அங்குதான் அது மருத்துவப் பதிவில் ஏறியது. வெறுங்காலோடு வயலில் உழைப்பவர்களையே அது அதிகம் தாக்குகிறது.

1920களில் ராக்பெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. மருந்தும் கழிப்பிடமும் அதன் வழிகள். அந்தப் பணி தொடங்கிய சில ஆண்டுகளில், அதே மாகாணத்தில்தான் செருப்பு அணிவது குற்றமாக்கப்பட்டது. புழுவை ஒழிக்கத் திட்டம் இருந்தது. காலை மண்ணில் கட்டிப்போட்ட சாதியை ஒழிக்க அதில் இடமில்லை.

இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டப்படி, பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, அதோடு அபராதம்.

ஆகவே தோழர்களே, நலவாழ்வுப் பிரச்சாரத்துக்குப் போகும்போது இந்த வரலாற்றையும் எடுத்துச் செல்வோம். சேற்றிலும் சாக்கடையிலும் இறங்குபவருக்கு ரப்பர் செருப்பு போதாது. முழங்கால் வரை மூடும் பூட்ஸ் தரச்சொல்லி வேலை கொடுப்பவரிடம் கேட்போம். "செருப்புப் போடுங்கள்" என்று நம் மக்களிடம் சொல்வதோடு நிற்காமல், "கழற்று" என்று சொல்கிறவர்கள்மீது வழக்கும் தொடுப்போம்.