மீன் சொல்லும் சாட்சியம்

இந்தியாவில் ஆலைக் கழிவுநீர்ச் சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் வேதியியல் அளவுகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1993 மே மாத அறிவிக்கை வகுத்த பொதுத் தர அளவுகளில், உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது பலரும் அறிந்தது. அதே அட்டவணையில் அதிகம் பேசப்படாத வரி ஒன்றுண்டு: நன்னீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரம் விடப்பட்ட மீன்களில் 90 விழுக்காடு பிழைத்திருக்க வேண்டும்.

வேதிப் பகுப்பாய்வு தேடிய பொருளை மட்டுமே காணும்; மீனோ பெயர் தெரியாத நஞ்சுகளின் கூட்டு விளைவையும் தன் உடலில் ஏற்கிறது. இவ்வரியின் வலிமை அதுவே. (உலகெங்கும் நச்சுச் சோதனைகளில் பயன்படும் வரிக்குதிரை மீன், 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் தம் கங்கை மீன்கள் நூலில் விவரித்த இந்திய மீனே.)

ஆனால் இந்த நான்கு நாள் சோதனை சாவை மட்டுமே எண்ணுகிறது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த பொது நிலையத்தின் வெளியேற்ற நீரில், சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மருந்து உட்கொண்டவரின் இரத்தத்தில் காணப்படும் அளவையும் விஞ்சியது அது. இங்கே மீன் பிழைத்ததா என்று கேட்பது போதாது. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள் ஓடைப்படுகையில் பெருகுகின்றனவா என்றும் கேட்க வேண்டும். 2020 ஜனவரியில் வெளியான வரைவு விதிகள் நுண்ணுயிர்க்கொல்லி எச்சங்களுக்கு வரம்பு முன்மொழிந்தன. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை.